நான்கு காலாண்டு

நாற்பத்தேழு என்று நான்தான் எண்ணை அழைத்தேன்.
சேன்-தெனி ஓய்வூதிய அலுவலகம், மூன்றாம் ஜன்னல்,
ஏசி பழுது, மார்ச் மாதப் புழுக்கம்.
வலது தோள் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒரு பெண்
பிஸ்கட் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்.

சோலேஞ் மர்தேமுத்து.
திரையில் பெயரைப் பார்த்த பிறகுதான்
முகத்தைப் பார்த்தேன்.

தொழில்?
டென்னிஸ்.
எத்தனை வருடம்?
பதினான்கு.
என் பட்டியல் சொல்கிறது பத்தொன்பது காலாண்டு,
ஐந்து வருடம்கூட இல்லை.

டப்பாவைத் திறந்தார்.
கழுத்தில் மாட்டும் அட்டைகள், சிக்கிக் கிடக்கும் நாடாக்கள்.
பலேர்மோ, தாஷ்கண்ட், ஜகார்த்தா, லிமோழ்.
ஒவ்வொன்றிலும் அதே பெண்ணுக்கு வேறு தலைமுடி,
ஒவ்வொன்றிலும் மருதமுத்துவுக்கு வேறு எழுத்து.
ஓர் 'ஓ' குறைந்த பெயரில் தனிக் கோப்பு ஒன்று இருந்தது,
அதற்குள் ஆறு காலாண்டு
யாரும் தேடாமல் குடியிருந்தன.
இழுத்துவந்து சேர்த்தேன். இருபத்தைந்து.

மிச்சம்?
முதல் சுற்றிலேயே தோற்ற வாரங்கள்,
பரிசை விமானச் சீட்டு விழுங்கிய வாரங்கள்,
முழங்காலை அறுத்த ஒரு கோடை,
லியோனில் தோழியின் சோபாவில் படுத்துக் கழித்த குளிர்காலம்.
இதையெல்லாம் சட்டம் வேலை என்று சொல்வதில்லை, மதாம்.
"அப்போது நானும் சொன்னதில்லை" என்றார்.

தொண்ணூற்று மூன்றில் மட்டும்
நான்கு கட்டமும் நிறைந்திருந்தது.
ஏனென்று எனக்குத் தெரியும்.
தீவில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

மெல்பர்னில் காலை பதினொன்று, எங்களுக்கு விடியல் நான்கு.
புயல் எச்சரிக்கை ஆரஞ்சு.
சேன்-லூயியில் எங்கள் வீட்டில் பதினேழு பேர், ஒரு டிவி.
சீனக் கடைக்காரர்கூட சமோசா தட்டோடு வந்துவிட்டார்.
எதிரே உலகின் எட்டாம் இடத்துக்காரி,
இவர் நூற்றுப் பதினொன்று.
மூன்றாம் செட், ஐந்து-நான்கு, நாற்பது-முப்பது,
பந்தை மேலே எறிந்தார்,
எங்கோ ஒரு கம்பம் சாய்ந்தது.
ஓங்கிய கையோடு அவர்
திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி
அணைந்துபோனார்.
ஜெயித்துவிட்டோம் என்று பிறகு பேட்டரி ரேடியோ சொன்னது.
மழையிலேயே வெடி வைத்தார்கள், பாதிதான் வெடித்தது.

அந்தக் கடைசிப் பந்தை நான் பார்த்ததே இல்லை.
ஜன்னலில் இதைக் கேட்கக் கூடாது.
கேட்டேன்.

"வெளியே" என்றார்.
எனக்குப் புரியவில்லை.
"என் பந்து. இரண்டு விரல் வெளியே விழுந்தது.
கோட்டு நடுவர் கைகளைத் தாழ்த்தி, உள்ளே என்று காட்டினார்.
அவள் என்னையே பார்த்தாள்.
நான் ராக்கெட் நரம்புகளை
ஒவ்வொன்றாக நேர்செய்துகொண்டிருந்தேன்."

செம்மண்ணாக இருந்தால் தடம் விழுந்திருக்குமாம்,
நடுவர் இறங்கிவந்து குனிந்து பார்த்திருப்பாராம்.
அது பச்சை பூசிய கெட்டித் தரை,
எதையும் வைத்துக்கொள்ளாது.

"அடுத்த சுற்றில் ஐம்பது நிமிடத்தில் முடிந்துபோனேன்.
ஆனாலும் காசோலை கொடுத்தார்கள்."

எனக்குப் பின்னால் மின்விசிறி
ஒரு சுற்றுக்கு ஒரு முறை இடித்துக்கொண்டிருந்தது.
ஆதாரம் கேட்பதுதான் என் வேலை.
இருபத்திரண்டு வருடத்தில்
வராத ஆதாரத்துக்காக எத்தனையோ பேரைத்
திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"அந்த நான்கும்?" என்று கேட்டார்.
இருக்கும், மதாம்.
கையெழுத்திட்டார், தோள் வலியோடு, மெதுவாக.
டப்பாவின் மூடி சரியாக உட்காரவில்லை,
இரண்டு முறை தட்டிவிட்டு எழுந்து போனார்.
நாற்பத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம்
கிஸ்லேன் மாமா மறுபடி ஆரம்பித்தார்:
"கோட்டிலேயே பட்டது, சுண்ணாம்பு பறந்தது,
இந்தக் கண்ணால் பார்த்தேன்."
அன்று இருட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.
அந்தத் தரையில் சுண்ணாம்பும் கிடையாது.

தக்காளி ருகாய்க் கிண்ணத்தை
அவர் பக்கமாக நகர்த்திவைத்தேன்.