தொண்ணூற்று நான்கு புள்ளி மூன்று

ஃப்ரைபெர்க். ஜனவரி. ஜன்னலில்லாத கீழ்த்தளம்.
பிசினில் புதைத்து, தேய்த்து, மெருகேற்றிய
காசளவு வட்டத்துக்குள்
நானூறு கரிய மணிகள்.

போன வாரம் இவை வெறும் மணல்.
காந்தத்தில் ஒட்டியது ஒரு தாளில்,
ஒட்டாமல் உருண்டது இன்னொன்றில்.
தும்மல் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்;
ஒரு கடற்கரை பறந்துபோயிருக்கும்.

பதினேழாம் மணி.
திரையில் நடு வெளிச்சம், விளிம்பு மங்கல்.
மங்கிய இடமெல்லாம் இரும்பு வெளியேறிய இடம்.
டைட்டானியம் போகவில்லை,
காலி அறைகளோடு
அங்கேயே இருக்கிறது.

எலக்ட்ரான் கற்றையை விளிம்பில் நிறுத்தினேன்.
டைட்டானியம், இரும்பு, மாங்கனீசு,
எங்கோ ஒட்டிக்கொண்ட கொஞ்சம் அலுமினியம்,
எல்லாம் ஆக்சைடுகளாக.
கூட்டினால் தொண்ணூற்று நான்கு புள்ளி மூன்று.

"முதலில் கருவியைப் பார்"
என்றார் ஹெஸல்பார்த், ரொட்டியைக் கடித்தபடி
வாசலிலேயே நின்று.
தெரிந்த ரூட்டைலில் வைத்தேன்:
நூறு புள்ளி பூஜ்யம் இரண்டு.
மணலுக்குத் திரும்பினேன்.
அதே தொண்ணூற்று நான்கு.

மீதி, தண்ணீர்.
துளைக்குள் துளையாகப் புகுந்து உட்கார்ந்த தண்ணீர்.
ஹைட்ரஜன் இந்தக் கண்ணுக்குப் படாது;
அத்தனை லேசு.

மணலை வாங்கப்போகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள்:
நூறுக்குச் சரிக்கட்டித் தாருங்கள்,
எங்கள் அட்டவணைக்கு வசதி.
தரலாம். ஒரு சொடுக்கு.
டைட்டானியம் ஏறும். விலையும்.

ஹெஸல்பார்த் துகள்களை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு
என் திரையைக் கொஞ்சம் பார்த்தார்.
பிறகு படியேறிப் போனார்.

"மொத்தம்" என்ற கட்டத்தில்
94.3 அடித்தேன்.
பதினெட்டாம் மணி.
இதில் ஒரு விரிசல் இருக்கிறது.