பதினோராம் பல்

சூரியகாந்தி விதையை
முன்பல்லில் நிறுத்தி உடைக்காத ஆள்
பிளோவ்டிவ் நகரத்தில் கிடையாது.
பேருந்து நிறுத்தம், கால்பந்து மைதானம், ஆஸ்பத்திரிப் படி,
எங்காவது தொலி கிடக்கவில்லையென்றால்
அங்கே இன்னும் யாரும் காத்திருக்கவில்லை என்று அர்த்தம்.

ஓக்னியன் முப்பது வருடமாக உடைக்கிறார்.
மேல்வரிசை நடுப்பல்லின் விளிம்பில்
விதையளவுக்கே ஒரு பள்ளம்.
அளந்து செதுக்கியிருந்தாலும்
இத்தனை பொருந்தியிருக்காது.

கல்யாணங்களில் கிளாரினெட் வாசிப்பவர்.
யாரோ கைபேசியில் எடுத்த படத்தில்
மணமகள் சுழல்கிறாள், பணத்தாள் பறக்கிறது,
ஓரத்தில் இவர் சிரிக்கிறார்.
அந்த இடத்தில் நிறுத்தி
விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார்.
பார்த்திருக்கக் கூடாது.

"வலிக்குமா?"
"ஊசிகூட இல்லை" என்றார் டாக்டர் ருமியானா.

நிற அட்டையைப் பிடித்தது நான்.
விளக்கை அணைத்து, அவரை ஜன்னலோரம் நிறுத்தி,
மேக வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்.
பல் வெள்ளை என்பது
எத்தனை பெரிய புளுகு என்று
அந்த ஜன்னலண்டை நின்றால் தெரியும்.
கடைசியில் தேறியது:
ஒரு சொட்டு தேநீர் விழுந்த பால்.

நீலக் களிம்பு. பதினைந்து வரை எண்ணினேன்.
தண்ணீரில் அலசியதும்
பளபளப்பு செத்து, பல்லோரம் சுண்ணாம்பாயிற்று.
வழுவழுப்பில் எதுவும் ஒட்டாது.
பிறகு பசை, பிறகு காற்று,
பிறகு நொய்யளவு பிசின்.
டாக்டர் வளைத்துக் கொடுக்க,
நான் விளக்கை நீட்ட,
இருபது விநாடியில் கல்.
அதன்மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு கல்.

கண்ணாடியைக் கொடுத்தோம்.
பழக்கதோஷத்தில் உதட்டை மூடிக்கொண்டே சிரித்தார்.
அப்புறம் ஞாபகம் வந்து
திறந்தார்.

எழுந்து போவார் என்று நினைத்தேன்.
நாற்காலிக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து,
குழலைத் துண்டு துண்டாகப் பூட்டி,
வாயில் வைத்து ஊதினார்.
நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.
நடுவில் ஒரு சுரம்
பல்லிளித்தது.

குழலை இறக்கிப் பார்த்தார், ஏதோ
அதன் தப்பு என்பதுபோல.
"முப்பது வருடமாக
இது உட்கார்ந்தது அந்தப் பள்ளத்தில்."

டாக்டருக்குப் பாட்டு வராது.
பிள்ளைகளின் பிறந்தநாளுக்கே உதட்டை மட்டும் அசைப்பவர்.
அன்று தலையைச் சாய்த்துக் கேட்டு,
மயிரிழை தேய்த்தார்.
ஊதினார். இல்லை.
இன்னும் மயிரிழை.
இல்லை, இப்போது வேறு சுரம்.
வெளியே கடைவாய் வீங்கிக் காத்திருந்த தபால்காரர்
தரையில் காலால் தட்டத் தொடங்கினார்:
ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு.
பதினோரு தட்டு ஆட்டம்.
நான்காவது தேய்ப்பில்
சத்தம் வந்து உட்கார்ந்தது.
பாதியில் நிறுத்த ஓக்னியனுக்கு மனமில்லை.
டாக்டரின் வெள்ளைச் செருப்பு
அந்த மூணில் மட்டும் தடுமாறிக்கொண்டிருந்தது.

மறுபடியும் கண்ணாடி.
"பாதிப் பள்ளம் திரும்பிவிட்டதே" என்றேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"விதை நுழையாது, குழல் நுழையும்" என்றார்.
பிறகு, தனக்குத்தானே:
"படம் எடுக்கிறவனைத்
தள்ளி நிற்கச் சொல்கிறேன்."

அட்டையில் எழுதினேன்.
பல் எண் பதினொன்று. நான்கு முறை திருத்தம்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"கடி சரியில்லை என்று போடு" என்றார் டாக்டர்.
இரண்டு நாள் காப்பி கூடாது,
சிவப்பு ஒயின் கூடாது,
விதை எந்நாளும் கூடாது.
முதல் இரண்டுக்குத் தலையாட்டினார்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில்
என் கோட்டுப் பையிலும் ஒரு பொட்டலம்.
நாக்கு தானாகப் போய்
என் பல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தது.
இருக்கிறது, சின்னதாக.
இந்த வாரமாவது என்று
கடைவாயில் வைத்து உடைத்தேன்.

சத்தம் சரியில்லை.