பத்தில் மட்டும் மெய்

கஸ்தூரியார் வீதிக் கண்ணாடிக்கடையில்
பாசையூர் அன்ரன் யூட் கதிரையில் இருக்கிறார்.
கிட்ட வலைக்கண், எட்டக் கடல்,
இரண்டும் ஒரே வில்லையில் வேணுமாம்.
நாடியை உயர்த்தாமல் நேரே பாருங்கோ என்கிறேன்.
மாதிரி வில்லையில், அவர் கருமணிக்கு நேரே
பேனையால் ஒரு சிலுவைக்குறி போடவேண்டும்.
பேனை மூடியைக் கழற்ற
எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

அந்தத் தொலைநோக்கியின் வளையத்தில்
மூன்றிலிருந்து பத்துவரை எண்கள்.
திருப்பினால் ஆள் வளர்வான், தேய்வான்.
உள்ளே குறுக்குக்கோடும் அதன்கீழ்ப் புள்ளிகளும்
வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை.
ஆகவே அவை பத்தில் மட்டும் மெய் பேசும்.
ஐந்தில் ஒரு புள்ளி இரண்டுக்குச் சமன்.
நானூறு மீற்றருக்குப்
பத்தில் இரண்டு, ஐந்தில் ஒன்று.
சிகரெட் பெட்டி மட்டையில் எழுதித்
துவக்குப் பிடங்கில் ஒட்டி வைத்திருந்தேன்.
கணக்கில் நான் மோசமில்லை.
உயர்தரத்தில் கணிதம் எடுத்தவள்,
சோதனைக்குத்தான் போகவில்லை.

தனங்கிளப்பு. மாரி முடிந்த கிழமை.
வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.
பத்தில் எல்லாம் சாம்பல்.
ஐந்துக்குத் திருப்பினேன், கொஞ்சம் வெளித்தது:
அணைக்கட்டில் குந்தியிருந்து ஒருவன்
சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிறான்.
சேட் இல்லை.
மண்ணால் தேய்த்தான், முகர்ந்து பார்த்தான்,
திருப்தியில்லை, மறுபடி தேய்த்தான்.
அவன் நெஞ்சில் இரண்டாம் புள்ளியை வைத்தேன்.

இரண்டு முழம் மேலால் போனது.
பின்னால் களங்கண்டித் தடி ஒன்று முறிய
அதிலிருந்த நீர்க்காகம் எழும்பியது.
அவன் விழுந்தான், கிடந்தான்,
பிறகு எழும்பி ஓடினான்.
தட்டு
இருட்டும்வரை அங்கேயே மினுங்கியது.

கொப்பியில் ‘காற்று’ என்று எழுதினேன்.
அன்றைக்குப் புல்லும் அசையவில்லை.
வாகைநிலா அக்கா அதை வாசித்தா,
வெளியே போய் வானத்தைப் பார்த்தா,
ஒன்றும் சொல்லேல்லை.

மறந்தேனா,
மறக்கவிட்டேனா?
இத்தனை வருசமாக
அந்த இடத்தில்தான் வளையத்தைத் திருப்புகிறேன்.
கிட்ட இழுத்தால் என் விரல் மட்டும் தெரிகிறது,
அதன் எண்ணம் தெரியவில்லை.
தள்ளிப் பிடித்தால்
அணை, தடி, பறவை, தட்டு எல்லாம் துலக்கம்.
எந்தப் புள்ளி எதற்கென்பதுதான் குழம்பிவிடுகிறது.

அவனுக்கும் இப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும்.
வெள்ளெழுத்து விழுந்திருக்கும்.
எந்த ஊரிலோ ஒருத்தி
அவன் கண்ணுக்கு நேரே பேனை பிடித்து
அசையவேண்டாம் என்று
அவன் மொழியில் சொல்லியிருப்பாள்.

“தங்கச்சி, கை நடுங்குதோ?”
இல்லையண்ணை, நீங்கள்தான் ஆடுறியள்.
குறி போட்டாயிற்று.
வில்லை வியாழக்கிழமை வரும்.
முதல் கிழமை
படி இறங்கேக்கை கவனம்,
இருக்கிற இடத்திலை படி தெரியாது.