தணிக்கைத் தடை, பத்தி ஏழு

மதிப்பீட்டில் முந்நூற்று நாற்பது கிலோ.
எடைமேடைச் சீட்டில் நாற்பத்தொன்று.
மீதி எங்கே என்று கேட்கிறது
சிவகங்கையிலிருந்து வந்த பச்சை மை.

ஐயா,
புதுவயல் பேருந்து நிலையத்தில்
கட்டணக் கழிப்பறைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
நிற்கிறவன் கம்பிவலையால் ஆனவன்.
கோழிக்கூண்டுக்கு அடிக்கிற அதே வலை,
அறுகோணக் கண், துத்தநாகப் பூச்சு.
மூட்டை தூக்குகிற ஆள்.
மூட்டையும் வலைதான்.
அதற்குள் என்ன இருக்கிறது என்றும்
கேட்டிருக்கிறீர்கள்.
நேற்று நான் கைவிட்டுப் பார்த்த வரையில்:
அறந்தாங்கி டிக்கெட் பதினொன்று,
குல்பிக் குச்சி,
ஏதோ கட்சிக் கொடியில் பாதி,
எந்தப் பறவையுடையது என்று தெரியாத ஓர் இறகு.
மீதி காற்று.
காற்றுக்குத் தனித் தலைப்பு
நம் பதிவேட்டில் இல்லை.

ஐந்தாவது வார்டு உறுப்பினர்
உள்ளே சிமெண்ட் ஊற்றிவிடலாம், எடை சரியாகிவிடும் என்றார்.
கொத்தனார் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு
கண்ணுக்குக் கண் வழியும் சார் என்று
சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்தவர் தேவகோட்டை லீமா எஸ்தர்.
ஒரு கட்டிங் பிளேயர், விரல் கிழிந்த கையுறை,
பதினெட்டு நாள், பேருந்து நிலையத்திலேயே.
முதலில் அவன் மூட்டையைத் தோளில் வைத்திருந்தான்,
மார்பு நிமிர்த்தி, காலண்டரில் நிற்கிறவன் மாதிரி.
ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து
இமையெல்லாம் தவிடோடு
டீ குடிக்க வந்த சேவுகன் பார்த்தார்.
"இன்னிக்குத்தான் வேலைக்குச் சேந்திருக்கான் போல.
நாளைக்கு வரமாட்டான்."
கிளாசைக் கீழே வைத்துவிட்டு
இல்லாத மூட்டை ஒன்றை முதுகில் வாங்கிக் காட்டினார்.
பிடரிக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கேதான்.
வலது முழங்கால் முதலில் மடியும்.
வாய் சற்றே திறந்திருக்கும், பல்லைக் கடிக்கக் கூடாது.
கண் எப்போதும் இரண்டடி முன்னால்.
இல்லாத எழுபத்தைந்து கிலோவுக்கு
அவர் கழுத்து நரம்பு புடைத்ததை
நான் பார்த்தேன்.

லீமா ஒன்றும் சொல்லவில்லை.
இடுப்புக்கு மேலே மொத்தமும் வெட்டி எறிந்தார்.
(வெட்டிய வலை ஆறு கிலோ, கழிவுப் பொருளாக
ஏலம் விட்டு வரவு வைக்கப்பட்டது.
ரசீது இணைத்துள்ளேன்.)

ஆகவே மீதி எடை
அந்தக் குனிவில் இருக்கிறது என்று எழுதி
அடித்துவிட்டேன். அலுவலக நடை இல்லை.
பொருள் கம்பிவலையால் ஆனதால்
எடைக் குறைவு இயல்பானது
என்று மாற்றி எழுதினேன்.

எழுதாமல் விட்டது:
இரவு பத்தே காலுக்குக் காரைக்குடி வண்டி திரும்பும்போது
முன்விளக்கு அவனுக்குள் புகுந்து வெளியே போகிறது.
எதிரே ஆலைச் சுவரில் நிழல் வளர்கிறது,
வலைக் கண் ஒவ்வொன்றும் தட்டு அகலம்.
மூட்டை சுவரைத் தாண்டி இருட்டுக்குப் போய்விட
ஆள் மட்டும் சுவரில் நிற்கிறான்,
கை இரண்டும் மேலே, எதையும் பிடிக்காமல்.
அப்புறம் வண்டி நேராகிவிடுகிறது.
ஓட்டுநர் அமானுல்லா இதைத் தினமும் பார்க்கிறாராம்.
அந்த இடத்தில் கியர் மாற்றத் தாமதிப்பதாகச் சொன்னார்.
வாக்குமூலம் வாங்கவில்லை.

பதில் ஒரே வரியில் வந்தது.
விளக்கம் ஏற்புடையதல்ல, பத்தி நிலுவையில்.

இன்று காலை இருப்புச் சரிபார்ப்புக்குப் போனேன்.
காலில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள், அவிழ்க்கச் சொன்னேன்.
நிமிர்ந்து பார்த்தால்
பிடரிக்கும் மூட்டைக்கும் இடையில்
சுருட்டிச் செருகிய ஒரு சும்மாடு.
வியர்வை காயவில்லை. தவிட்டு வாசம்.
எடுக்கவா என்று துப்புரவு மேற்பார்வையாளர் கேட்டார்.
வேண்டாம் என்றேன்.
பதிவேட்டில் ஏற்றினேன்:
துண்டு, சிவப்புக் கரை, பழையது, ஒன்று.
நன்கொடையாளர் பெயர் தெரியவில்லை.
எடை, நனைந்த நிலையில்,
முந்நூறு கிராம்.