கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை

பருவம் போய்ப் பதினெட்டு ஆண்டாயிற்று.
பரு போகவில்லை.

ரீகாவில், விடியாத நாலரைக்கு
ட்ராமின் ஓட்டுநர் இருக்கையில் ஏறினால்
பக்கக் கண்ணாடியில் முதலில் தெரிவது தண்டவாளமல்ல,
என் தாடை.
இடது ஓரம் மூன்று, கழுத்துக்கு இறங்கும் இடத்தில் ஒன்று.
தொட்டால் எலும்புவரை வலிக்கிற,
வாயே திறக்காத வகை.

எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது.
சாக்லேட்டை விடு என்றாள் பணிமனை ஜித்ரா.
முகத்தைக் கழுவு என்றான் அண்ணன்,
நாளுக்கு ஐந்து தடவை கழுவிக் கழுவி
நான் தோலுரித்த உருளைக்கிழங்காய் நின்ற குளிர்காலத்தில்.
கல்யாணமானால் சரியாகும் என்றார்கள்.
ஆனது. பிறகு விவாகரத்தும் ஆனது.
இரண்டுக்கும் பருதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

பணிநேர அட்டவணையின் முதுகில்
பென்சில் புள்ளிகளாய்க் கணக்கு வைத்திருந்தேன்.
மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்னே வரும்.
என் வண்டிகூடப் பனியில் தாமதமாகும்.
இது ஆகாது.

அந்தத் தாளை
என் முகத்தைவிட நெடுநேரம் பார்த்தார்
மருத்துவர் ஸ்கைத்ரீத்தே.
ரத்தம் எடுத்தார். எண்கள் வந்தன.
எல்லாம் சராசரி.
அந்தச் சொல்லுக்கு எனக்கு அழுகை வந்தது.

"ஹார்மோன் அதிகமில்லை.
உங்கள் தோலுக்குக் காது கூர்மை."

சூலகமும், சிறுநீரகத்தின் தலையில்
தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியும்
எல்லாப் பெண்ணுக்கும் அனுப்பும்
கொஞ்சூண்டு ஆண்ட்ரோஜனை
அடுத்தவள் தோல் முணுமுணுப்பாகக் கேட்கிறது.
என்னுடையது ஆணையாகக் கேட்டு
எண்ணெய் இறைக்கிறது.

அப்படியானால் அழுக்கில்லை.
நான் செய்த எதுவுமில்லை.
சாக்லேட்டை நினைத்துத்தான் முதலில் கோபம் வந்தது:
பதினெட்டு கிறிஸ்துமஸ்!

ஸ்பைரோனோலாக்டோன் என்று எழுதித் தந்தார்.
பெயர் வாயில் நுழையவில்லை, மாத்திரை நுழைந்தது.
அது ஹார்மோனை அடித்து விரட்டாதாம்.
அவன் உட்காரும் இடத்தில்
முந்திப் போய்ப் பையை வைத்துவிடுமாம்,
நெரிசல் நேரத்துப் பயணி மாதிரி.

கருத்தரிக்கக் கூடாது என்றார்.
யாருமில்லை என்றேன். இருந்தாலும் என்றார்.
பொட்டாசிய உப்பு வேண்டாம்.
மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.
சிறுநீர் அடிக்கடி வரும்.

என் வேலை என்னவென்று அவர் கேட்டிருக்கவில்லை.
ஒரு நடை நாற்பத்தொரு நிமிடம்.
கழிப்பறை கடைசி நிறுத்தத்தில்.
பாலத்தின் மேல், ஆற்றைப் பார்க்காமல்
பல்லைக் கடித்து ஓட்டினேன் அந்த நவம்பரை.

ஒரு ஞாயிறு அப்பா வீட்டுக்குப் போனேன்.
சமையல் மேசையில்
என் கைப்பையில் இருக்கும் அதே பெட்டி.
அவருடைய சோர்ந்த இதயத்துக்கு, வீங்கும் காலுக்கு.
என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன்.
"உனக்கும் இதயமா?" முகம் வெளுத்தார்.
"இல்லை. தாடை."

வெகுநேரம் பேசவில்லை.
கெண்டி கொதித்து அடங்கியது.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடி
ஓயார்ஸ் என்கிற என் அப்பா, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்,
சட்டைப் பொத்தானைத் தொட்டுச் சொன்னார்:
"இங்கே வீங்கியிருக்கு. வலிக்குது.
பெண்பிள்ளைக்கு வர்ற மாதிரி.
எட்டு மாதமா. யார்கிட்டச் சொல்ல?"

எனக்கு அமைதி தரும் அதே வேலை
அவர் மார்பில் இப்படி.

"மாத்திரைதான் அப்பா.
வேறொன்று இருக்கிறது, கேட்டால் மாற்றுவார்கள்."
அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.
என் முகத்தை யாராவது பார்க்காமலிருக்க
நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்.

மார்ச்சில் அவருக்கு மருந்து மாறியது.
மிச்ச அட்டைகளை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தார்.
எனக்கு இது ஐந்தாம் மாதம்.
அட்டவணையின் முதுகில் இந்த முறை ஒரு புள்ளி,
அதுவும் பென்சில் தயங்கி வைத்தது.

நாலரை. கண்ணாடியைத் திருப்பினேன்.
தண்டவாளம் ஈரமாயிருந்தது.
அவசரமாகவும் வந்தது.