குதிரையின் வயிற்றுக்குக் கீழே

வோலோஸ் நகருக்கு வெளியே
பெட்ரோல் பங்க் ஒன்றுக்குக் குழி வெட்டியபோது
அகப்பட்டவை, பதினேழு வெள்ளிக் காசுகள்.
பூவா தலையா என்றால் தலை எளிது:
ஒரு பெண், சற்றே சரிந்த கொண்டை,
காதில் துளி போலத் தொங்கட்டான்.
பூப் பக்கம் மேயும் குதிரை.
அதுவரை சண்டை இல்லை.

சண்டை, குதிரையின் வயிற்றுக்குக் கீழே
கிடக்கிற ஒன்றைப் பற்றி.
மெல்லியது. ஓரிடத்தில் வளைந்து
நுனியில் கவையாகப் பிரிவது.
என் அட்டையில் 'உருவம்' என்றொரு கட்டம்,
அதில் நான் ஏதாவது எழுதியாக வேண்டும்.

பாம்பு, என்றார் ஸ்டமாட்டிஸ்,
காசுகளைக் குளிப்பாட்டி உலர்த்துபவர்.
பாம்பென்றால் கடவுள், கடவுளென்றால் கோயில்,
கோயிலென்றால் அவர் பெயரில் ஒரு கட்டுரை.
லாரிஸாவிலிருந்து வந்த க்ளியோனிகி
ஆறு என்றாள்.
வரைபடத்தை மேசை நிறைய விரித்து
இங்கே ஓடியது, வறண்டுவிட்டது என்றாள்.
வறண்ட ஆற்றை யார் மறுப்பது?
தரை துடைக்க வந்த ஹரிக்லியா
ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்:
"திராட்சைக் கொடி. கவாத்து பண்ணாதது."
எனக்கு அவள் சொன்னது பிடித்திருந்தது.
பென்சிலால் எழுதினேன்: கொடி,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எட்டு மாதம் இருந்தது அந்தக் கேள்விக்குறி.
ஸ்டமாட்டிஸ் மகளின் கல்யாணத்தில்
மூன்றாவது கிளாஸ் சிபுரோவுக்குப் பிறகு
பாம்பு ஆற்றை விழுங்கியது,
மணப்பெண் வந்து சமாதானம் செய்தாள்.

பிப்ரவரி. ஹீட்டர் பழுது.
கோட்டைக் கழற்றாமலே படமெடுக்க உட்கார்ந்தேன்.
எடை வரிசையில் அடுக்கி அடுக்கிச் சலித்து
அந்தக் கோட்டின் நீள வரிசையில் அடுக்கினேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.

முதல் இரண்டில் அது இல்லவே இல்லை.
தேய்ந்துபோனது என்று நாங்கள் ஒதுக்கிய காசுகள்.
அவற்றில் குதிரையின் பிடரி மயிரை எண்ணலாம்.
மூன்றாவதில் பின்னங்குளம்பருகே
ஒரு நகக்கீறல்.
ஏழில் முழங்கால்.
பதினொன்றில் வளைவு. பதினான்கில் கவை.
பதினேழில் அது குதிரையின் நெஞ்சைச் சுற்றி ஏறி
மேய்கிற வாய்க்குள்ளேயே போயிருந்தது.

அச்சு விரிசல்.
அச்சில் பள்ளம், காசில் மேடு.
யாரும் செதுக்காதது,
யாரையும் குறிக்காதது.

சம்மட்டிக்காரன் பார்த்திருப்பான்,
அந்த நகக்கீறலையே பார்த்திருப்பான்.
கூலிக்குக் காத்துப் படைவீரர்கள்
வாசலில் நின்றிருக்கலாம்.
புது அச்சு வெட்டுகிறவன் காய்ச்சலில் கிடந்திருக்கலாம்.
அல்லது வெறும் சோம்பல்.
அடித்தான். வளர்ந்தது. அடித்தான்.
ஒரு காலையா ஒரு மாதமா, சொல்ல முடியாது.
ஆனால் எந்தக் காசு முன், எது பின் என்று
இப்போது எனக்குத் தெரியும்.
அது பாம்பாகவே இருந்திருந்தால்
இது தெரிந்திருக்காது.

தொலைபேசியில் க்ளியோனிகி கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பொலிக்ஸேனி, அப்படியானால் என் ஆறு?"
"அதுதான் முன்பே வறண்டுவிட்டதே" என்றேன்.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
ஸ்டமாட்டிஸ் ஒப்புக்கொள்ளவில்லை,
இன்றைக்கும் அவருக்கு அது பாம்புத் தட்டு.

கொடியை அழித்தேன்.
பென்சில் அழுத்திய தடம் அட்டையில் நிற்கிறது,
விளக்கைச் சாய்த்தால் வாசிக்கலாம்.
உருவம்: குதிரை, மேய்கிறது.

பதினேழாவதோடு அவன் நிறுத்தியிருக்க மாட்டான்.
பதினெட்டாவது ஒன்று
பெட்ரோல் பங்கின் கான்கிரீட்டுக்குக் கீழே கிடக்கலாம்,
குதிரை நடுவில் பிளந்து
ஒரு பாதி நழுவி.
எப்போதோ யாரோ அதைத் துடைத்து
வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு குதிரைகள் என்று எழுதுவார்கள்.
அந்த இரண்டாவதற்கு
ஒரு பெயரும் கண்டுபிடிப்பார்கள்.