மணிக்கு ஆறு கிலோமீட்டர்

வாடகைப் படகின் பெயர் 'சோம்பேறி.'
கயேத்தான் சிரிக்கவில்லை.
சாவியை வாங்கும்போதே கேட்டான்:
"அதிகபட்சம் எவ்வளவு போகும்?"
"ஆறு" என்றான் படகுத்துறைப் பையன்,
"அதற்கு மேல் போனால் கரை கரையும்."

முந்நூறில் ரயில் ஓட்டிய கை.
சுக்கானை இடப்பக்கம் திருப்பினால்
படகு கொஞ்சம் யோசிக்கிறது,
ஒரு வாத்தை முன்னே போகவிடுகிறது,
பிறகுதான் திரும்புகிறது.
முதல் நாளே மூன்று முறை நாணலுக்குள் போனோம்.
நான்காவது முறை
நாணல்தான் எங்களிடம் வந்தது என்று சாதித்தான்.

கரைப்பாதையில் ஒரு கிழவர்
வெறுங்கூடை சைக்கிளில் எங்களை முந்தினார்.
இரண்டு நீளரொட்டியோடு,
அதில் ஒன்றின் நுனி கடிபட்டிருக்க,
அவர் திரும்பியபோது
நாங்கள் இன்னும் அதே பாப்லர் வரிசையில்.
தொப்பியைத் தூக்கினார்,
துக்கம் விசாரிப்பவர் போல.

நீர்ப்பூட்டின் மதகுக்காரி பெரஞ்சேர்
கதவின் பல்சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.
பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு.
இவன் கைக்கடிகாரத்தைக் காட்டினான்:
இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது.
நான்கு நிமிடத் தாமதத்துக்கு
ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன்.
"கடிகாரம் உங்களுடையது,
மதகு என்னுடையது" என்று
முட்டைக்கோஸ் பாத்திக்குள் நடந்துவிட்டாள்.
அவள் நாய் மட்டும் எங்களோடு நின்றது,
எங்கள் பாலாடைக்கட்டிக்காக.

ஒரு மணி நேரம்.
படகின் கூரையில், வாய் திறந்து,
மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக
மாத்திரையில்லாமல் தூங்கினான்.
நான் ஈக்களை விரட்டவில்லை,
கை அசைந்தால் விழித்துவிடுவானோ என்று.

பிறகு கதவுகள் மூடின; தண்ணீர் இறங்கியது.
அதோடு நாங்களும்,
பாசி வழுக்கும் சுவருக்குள்,
கல்லிடுக்கில் முளைத்த ஒரு பெரணியைத் தாண்டி.
பயத்தில் நான் கயிற்றை முளையில் இறுக்கிச் சுற்றினேன்.
மேலிருந்து பெரஞ்சேர் கத்தினாள்:
"கட்டாதே அம்மா! படகு தொங்கிவிடும்!
பிடி, விடு, பிடி, விடு!"
உள்ளங்கை எரிந்தது.
விட்டேன். பிடித்தேன்.

நான்காம் நாள், மேம்பாலத்தின் கீழே போகையில்
தலைக்கு மேல் லியோன் வண்டி.
அவன் கையைத் தூக்குவதற்குள்
அது அடுத்த மாவட்டத்தில் இருந்திருக்கும்.
"இருபத்திரண்டு வருடம்
இதன் மேல்தான் போயிருக்கிறேன்.
பச்சையாக ஏதோ கண்ணில் அடிக்கும்.
தண்ணீர் என்று தெரியாது."
அதற்குப் பிறகு
மாலைவரை பேசவில்லை.

மறுநாள் காலைப் பனிமூட்டத்தில்
அன்னம் ஒன்று,
கால்வாயின் நட்டநடுவில்,
கழுத்தை முதுகில் செருகி உறங்கிக்கொண்டு.
நான் கத்தினேனா தெரியாது.
அவன் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தான்.
எஞ்சின் இருமியது, தண்ணீர் பழுப்பாகக் கொதித்தது,
பின்பக்கம் வழுகிப்போய்ப்
பாலத்தூணில் உரசியது.
நின்றது.
அன்னத்துக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு மேசை நீளம்.

அது கழுத்தை எடுத்து எங்களைப் பார்த்து
அலுத்துக்கொண்டு ஒதுங்கியது.
"நின்றுவிட்டது" என்றான்.
"பார்த்தாய் அல்லவா? இழுத்தேன், நின்றுவிட்டது."
அவன் ரயில் நிற்க
மூன்று கிலோமீட்டர் வேண்டும்.
மார்ச்சில், அந்தப் பையனுக்கு முன்னால்,
அவ்வளவு தூரம் இருக்கவில்லை.
நெம்புகோலை விடாமல்
அப்படியே உட்கார்ந்து அழுதான்;
பனி விலகி, பின்னால் வந்த டச்சுக்காரர்கள்
மரியாதையாக ஒரே ஒருமுறை
ஹாரன் அடிக்கும்வரை.

ஏழு நாளில் அறுபத்தொரு கிலோமீட்டர்.
ரயிலில் பன்னிரண்டு நிமிடம் என்று
அவனே கணக்குப் போட்டான்.
படகுத்துறைப் பையன் விளிம்பெல்லாம் விரலோட்டி
கீறலைக் கண்டுபிடித்தான்.
முன்பணத்தில் நூற்றிருபது யூரோ பிடித்தம்.
"இது எப்படி?"
கயேத்தான் விளக்கத் தொடங்கினான்,
பனியிலிருந்து,
மெதுவாக,
ஒன்றையும் விடாமல்.